சுங்குடிப் புள்ளி

எங்கள் வீட்டில் ஆறு வருஷமாக ஆயின்ட்மென்ட் இலாகா என் வசம் இருந்தது.

பெரியப்பா சின்னாளப்பட்டியில் சுங்குடிப் புடவைக்குச் சாயம் போட்டவர். நாற்பது வருஷ சர்வீஸ். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு கலரில் இருக்கும். ஆடிக்கு மயில் கழுத்து, தீபாவளிக்கு அரக்கு. பட்டறையை மூடிவிட்டுத் திண்டுக்கல்லில் எங்களோடு வந்து தங்கிய பிறகுதான், அவர் கையின் சொந்த நிறம் இன்னதென்று பெரியம்மாவுக்கே தெரிய வந்தது.

வந்து கொஞ்ச நாளில் இடுப்பில், வேட்டி கட்டும் இடத்தில், ஒரு படை. லேசான சிவப்பு. மேல் தோல் சிகரெட் சுற்றுகிற காகிதம் மாதிரி மெல்லிசாகச் சுருங்கியிருந்தது. அரிப்பு வேறு.

"சாயம் ஒத்துக்கலை. வேற என்னா?" என்று பெரியப்பாவே தீர்ப்பு எழுதிவிட்டார். அப்பீலுக்கு இடமில்லை.

நான் தெருமுனை மருந்துக் கடைக்குப் போய், "படைக்கு ஒண்ணு குடுங்க" என்றேன். கடைப் பையன், எந்தப் படை, யாருக்கு, எத்தனை நாளாக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு ட்யூப் கொடுத்தான். பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, இரண்டுக்கும் மேலே ஸ்டீராய்டு. ஒரே ட்யூபில் கூட்டணி ஆட்சி. தடவினால் பத்து நாளில் மங்கும். நிறுத்தினால் மூன்றாவது வாரம் பழைய இடத்தில் ஆஜர். கூடவே முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று என்று கிளை அலுவலகங்கள்.

(2018-லேயே மத்திய அரசு மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தப் பட்டியல் எங்கள் தெருமுனைக்கு நடந்து வந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.)

இப்படியே ஆறு வருஷம். நான் பி.காம். பட்டதாரி. நாலு ஆடிட்டர் ஆபீசில் வவுச்சர் சரிபார்த்துவிட்டு, இப்போது எழுத்தை நம்பிக் காலம் தள்ளுகிறவன். ஆறு வருஷமாக ஒரே செலவு ஒரே தலைப்பில் வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். எனக்கு உறைக்கவில்லை. என் மனைவிதான் ஒரு நாள், "ஏங்க, பூஞ்சைன்னா இத்தனை வருஷமா செத்திருக்காதா?" என்று கேட்டுப் பெரியப்பாவைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். பெரியப்பாவைச் சட்டை, பனியன் எல்லாம் கழற்றச் சொல்லிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஐயா, வெயில் படற இடத்துல ஒண்ணுமே இல்ல. துணி மூடுற இடத்துலதான் எல்லாம் இருக்கு. கவனிச்சீங்களா?"

"சாயம் துணியிலதானே இருக்கு" என்றார் பெரியப்பா. லாஜிக்கை யாராலும் மறுக்க முடியாது.

முதலில் பஞ்சை வைத்து வருடி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். தொழுநோய்க்கு அதுதான் முதல் சோதனை. இருந்தது. பிறகு படையின் ஓரத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியுமாம். ஒரு நூலும் இல்லை. ஐந்து நிமிஷ வேலை. ஆறு வருஷத்தில் எங்களுக்கு அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

"ஒரு சின்ன சதை எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர்.

பயாப்சி என்றதும் பெரியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். உண்மையில் அது ஒன்றும் பிரமாதமில்லை. ஆபீஸ் ஃபைலில் ஓட்டை போடுகிற பஞ்சிங் மெஷினின் தம்பி மாதிரி ஒரு கருவி. மரத்துப்போக ஊசி போட்டு, நாலு மில்லிமீட்டர் வட்டத்தில் திருகி எடுத்தால், ஜவ்வரிசியைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு துண்டு. ஒரு தையல். அந்தத் துண்டு ஃபார்மலின் பாட்டிலில் போய்ச் சேர்ந்தது.

முதல் ரிப்போர்ட் ஒரு வாரத்தில் வந்தது. நாட்பட்ட எக்சிமா போல இருக்கிறது என்று சொல்லி, கடைசியில், நோயாளியை நேரில் பார்த்ததோடு ஒப்பிட்டு முடிவு செய்யவும் என்று ஒரு வரி. எனக்கு இந்த வரி ரொம்பப் பழக்கம். ஆடிட் ரிப்போர்ட்டில் நாங்கள் "இணைப்புக் குறிப்புகளுக்கு உட்பட்டு" என்று போடுவோமே, அதே குலம், அதே கோத்திரம்.

நாங்கள் லட்டு வாங்கிவிட்டோம். டாக்டர் லட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

"ஆயின்ட்மென்ட் எப்ப கடைசியா போட்டீங்க?"

"வரும்போதுதாங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றோமே, சுத்தமா இருக்கட்டும்னு..."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஸ்டீராய்டு போட்ட தோலில் செல்கள் எல்லாம் பதுங்கிவிடுமாம். ரெய்டு வருகிற தகவல் முன்கூட்டியே கிடைத்த கடை மாதிரி, உள்ளே போனால் கணக்குப் புத்தகமும் கல்லாவும் பரம சுத்தமாக இருக்கும். "ஒரு மாசம் எதுவும் தடவாதீங்க. அரிச்சா தேங்காய் எண்ணெய். திரும்ப எடுப்போம். இந்தத் தடவை ரெண்டு இடத்துல" என்றார்.

அந்த ஒரு மாசம் வீட்டில் ரொம்பக் கஷ்டம். படை எல்லாம் புதுச் சாயம் போட்ட மாதிரி பளிச்சென்று வெளியே வந்தது. ராத்திரி பூராவும் சொரிகிற சத்தம். பெரியப்பா ஒரு நாள்கூட ட்யூபைக் கேட்கவில்லை. நான்தான் இரண்டு தடவை அலமாரியைத் திறந்து மூடினேன்.

இரண்டாவது பயாப்சி பெரிய ஊர் ஆஸ்பத்திரியில். முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று. பாட்டிலைப் பக்கத்துக் கட்டடத்து லேபில் கொடுக்கச் சொன்னார்கள். மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு போனோம். அங்கேதான் பெரியப்பா டெக்னீஷியனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இதை என்னா பண்ணுவீங்க?"

அந்தப் பையன் நல்லவன். அல்லது மதியச் சாப்பாட்டு நேரம். விவரமாகச் சொன்னான். சதையில் இருக்கிற தண்ணீரை ஆல்கஹாலில் மெல்ல மெல்ல வெளியேற்றுவது. பிறகு உருக்கின மெழுகில் ஊற வைத்து, கட்டியாக்குவது. அதற்குப் பெயர் பிளாக். அதை இயந்திரத்தில் வைத்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுவது. கண்ணாடியில் ஒட்டி, மெழுகைக் கரைத்துவிட்டு, சாயம் போடுவது.

பெரியப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். சின்னாளப்பட்டியில் அவர் ஆயுசு முழுக்கச் செய்தது என்ன? மரப் பிளாக்கை மெழுகில் தோய்த்துத் துணியில் புள்ளி வைப்பது, சாயத்தில் முக்குவது, கொதிக்கிற தண்ணீரில் மெழுகை எடுப்பது. முடிச்சுப் போடுகிற பழைய சுங்குடி குறைந்த பிறகு மெழுகுதானே எல்லாம்.

"என்னா சாயம்?"

"ஹிமாடாக்சிலின்னு ஒண்ணுங்க. நீலமா வரும். இன்னொண்ணு இயோசின். ரோஸ்."

"நீலம் எதுல எடுக்கிறது?"

"ஏதோ மரம்னு சொல்வாங்க ஐயா."

மரம்தான். மத்திய அமெரிக்காவில் விளைகிற ஒரு மரத்தின் வைரம். ஐரோப்பாக்காரர்கள் துணிக்குச் சாயம் போடத்தான் அதைக் கப்பல் கப்பலாக வெட்டிக் கொண்டுபோனார்கள். மைக்ரோஸ்கோப்புக்கு வந்ததெல்லாம் பிற்பாடு.

"அது அப்படியே பிடிக்காதே... படிகாரம் போடுறீங்களா?" என்றார் பெரியப்பா.

பையன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "ஐயா எந்த லேப்ல இருந்தீங்க?"

அன்றைக்கு இரவு சாப்பாட்டில் பெரியப்பா இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

இந்த ரிப்போர்ட்டில் லட்டுக்கு வேலை இல்லை. லிம்ஃபோசைட் என்கிற வெள்ளை அணுக்கள், ரத்தத்திலும் நிணநீரிலும் காவல் சுற்ற வேண்டியவை, தோலின் மேலடுக்குக்குள்ளே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அடி வரிசையில் முத்துக் கோத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. சில இடங்களில் நாலைந்து சேர்ந்து கூட்டம். சாதாரண எக்சிமாவிலும் இந்த அணுக்கள் வரும். ஆனால் அப்போது சுற்றிலும் தோல் வீங்கி நீர் கோத்திருக்கும். இங்கே வீக்கத்தைக் காணோம், ஆட்கள் மட்டும் நிறைய. அந்த அணுக்களின் உட்கரு மூளையைப் போல மடிப்பு மடிப்பாக இருந்ததாம்.

பெரிய ஊர் டாக்டர், வயதானவர், இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ரோஸ்கோப்பில் பெரியப்பாவையும் பார்க்கச் சொன்னார். ரோஸ் தரையில் நீலப் புள்ளிகள். பெரியப்பா ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"சுங்குடி மாதிரி இருக்குங்க. ஆனா புள்ளி வெச்சவன் தொழில் தெரியாதவன். ஓரத்துலயே வெச்சிருக்கான்."

டாக்டர் சிரித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்றார். தோலில் வருகிற ஒரு வகை லிம்ஃபோமா. அதாவது... நான் மீதியைக் கேட்கவில்லை. காது மட்டும் ஆன். உள்ளே லைன் கட்.

பிறகு தெளிந்து கேட்டேன். பாரிசில் ழான் லூயி அலிபெர் என்கிற தோல் வைத்தியர் 1806-ல் இதை விவரித்திருக்கிறார். அந்த நோயாளிக்கு உடம்பில் காளான் மாதிரி கட்டிகள். அதனால் காளானைக் குறிக்கிற இந்தப் பெயர். பூஞ்சைக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இருநூறு வருஷமாகப் பெயரை யாரும் மாற்றவில்லை. பூஞ்சை மருந்து தடவின எங்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன!

"கன்ஃபர்ம் பண்ணணும். சாயம் போட்டது ஜாடை. இனிமே அடையாள அட்டை பார்க்கணும்" என்றார்.

அடையாள அட்டை என்பது இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி. நம் வெள்ளை அணுக்கள் ஒவ்வொன்றும் மேலே சில புரதங்களைச் சட்டையில் பேட்ஜ் மாதிரி குத்திக்கொண்டு திரிகின்றன. சிடி-3, சிடி-4, சிடி-8 என்று நம்பர். (பாட்டுக் கேட்கிற சிடி இல்லை.) ஒவ்வொரு பேட்ஜிலும் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு எதிர்ப்புரதம் உண்டு. அதன் வாலில் நிறத்தைக் கட்டிவிட்டால், எந்த அணுவிடம் எந்த பேட்ஜ் என்று பழுப்பு நிறத்தில் தெரிந்துவிடும். இப்படி ஒரே பேட்ஜை மட்டும் தேடிப் பிடிக்கிற எதிர்ப்புரதத்தை அளவில்லாமல் தயாரிக்கும் வித்தையை கோலரும் மில்ஸ்டீனும் 1975-ல் கண்டுபிடித்தார்கள். 1984-ல் நோபல் பரிசு. எங்கள் பில்லில் அது ஒரு மார்க்கருக்கு இவ்வளவு என்று ஏழு வரியாக வந்தது. நான் கூட்டிப் பார்த்தேன், கூட்டல் சரிதான்.

சிடி-3 இருந்தது. சிடி-4 ஏராளம். சிடி-8 சொற்பம். டி வகை அணுக்கள் வழக்கமாக வைத்திருக்க வேண்டிய சிடி-7 பேட்ஜைப் பல அணுக்கள் தொலைத்திருந்தன. ரேஷன் கார்டு இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, ஆதார் மட்டும் இல்லை என்று ஒரு கும்பலே சொன்னால் சந்தேகம் வராதா? வந்தது. சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல.

கடைசிச் சோதனை ஜீன். இதை டாக்டர் விளக்கியபோது, பி.காம். படித்ததற்கு முதன்முறையாகச் சந்தோஷப்பட்டேன். உடம்பில் ஒவ்வொரு டி அணுவும் பக்குவமாகும்போது, தன் ஜீனில் ஒரு இடத்தை வெட்டி, மாற்றி ஒட்டி, தனக்கென்று ஒரு கையெழுத்து வைத்துக்கொள்கிறது. அரிப்பிலும் அலர்ஜியிலும் தோலுக்கு வருகிற அணுக்கள் பல ஊர்க் கூட்டம், ஆயிரம் கையெழுத்து. புற்றிலோ எல்லாமே ஒரே அணுவின் வாரிசுகள், ஒரே கையெழுத்து.

"சார், புரிஞ்சு போச்சு!" என்று கத்திவிட்டேன். நான் ஆடிட்டுக்குப் போன ஒரு கம்பெனியில் நாற்பத்து மூன்று கூலி வவுச்சர். நாற்பத்து மூன்று பேர் பெயர். அத்தனையிலும் 'ழ'வுக்கு அதே வால். காஷியர் ஒருத்தரே உட்கார்ந்து எழுதியிருந்தார்.

"அதேதான். ஆனா எழுதத் தெரியாத கூலிக்காக காஷியர் நியாயமாவே எழுதிக் குடுத்திருந்தா?" என்றார் டாக்டர்.

அதுவும் உண்டாம். கெடுதல் இல்லாத சில தோல் நோய்களிலும் ஒரே கையெழுத்து தென்படுவதுண்டு. ஆரம்பப் படைகளில் புற்றிருந்தும் கையெழுத்து தெளிவாக வராமல் போவதும் உண்டு. அதனால்தான் இரண்டு இடத்துச் சதை. முதுகிலும் தொடையிலும் அதே கையெழுத்து என்றால் தப்பிக்க வழியில்லை. இரண்டு பிராஞ்சிலும் ஒரே 'ழ'. பிளாக்கை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

இந்த மூன்று வாரத்தில் நடந்ததை எழுதக் கூடாது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். ஆகவே எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோர் உடம்பிலும் நான் மச்சம் எண்ண ஆரம்பித்தேன். மனைவியின் கழுத்தில் மூன்று. பையனுக்குக் காதுக்குப் பின்னால் ஒன்று (அது பேனா மை). கடைசியில் என்னுடைய வலது குதிகாலின் பின்பக்கம் கன்னங்கரேலென்று ஒரு திட்டு. மிளகு தூவின மாதிரி. தேய்த்தேன், போகவில்லை. சோப்பு, படிகக்கல், மண்ணெண்ணெய். ம்ஹூம்! கண்ட புத்தகத்தையும் அரைகுறையாகப் படித்து வைத்திருந்ததால், மெலனோமா என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே அறிமுகம். நள்ளிரவில் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து நாமினி பெயரைச் சரிபார்த்தேன்.

காலையில் எங்கள் ஊர் டாக்டரம்மாவிடம் போய்க் காலை நீட்டினேன்.

"பயப்பட வேண்டிய இடத்தைத்தான் கரெக்டா பிடிச்சிருக்கீங்க" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

வெள்ளைக்காரர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் வெயில் பட்ட தோலில் வருகிறது. நம்மைப் போலக் கறுத்த தோல்காரர்களுக்கு அது மொத்தத்தில் அபூர்வம். ஆனால் வந்தால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருவதுதான் அதிகம். யாரும் பார்க்காத இடம். பார்த்தாலும் முள் குத்தினது, கல் இடறினது என்று காரணம் ரெடியாக இருக்கும் இடம். ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் கட்டைவிரல் நகத்தடியில் கண்டார்கள். கால்பந்தில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார். விரலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. 1981 மே மாதம் போய்விட்டார். வயது 36.

இந்த வரலாற்றை எல்லாம் என் காலைப் பிடித்துக்கொண்டே சொன்னார் என்றால் என் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு லென்ஸ் வைத்தார். டெர்மாஸ்கோப். உள்ளங்காலில் ரேகைகள் வரப்பும் வாய்க்காலுமாக ஓடுகின்றன அல்லவா? கறுப்பு நிறம் வாய்க்காலோடு ஓடினால் பெரும்பாலும் வெறும் மச்சம். வரப்பின் மேலே பட்டை பட்டையாக ஏறியிருந்தால் கவலை. ஜப்பானிய டாக்டர்கள் கவனித்துச் சொன்ன அடையாளம் இது. அங்கேயும் மெலனோமா உள்ளங்காலைத்தான் தேடி வருகிறது.

"சந்தேகம் வந்தா என்ன பண்ணுவீங்க? அதே பஞ்சிங் மெஷினா?"

"முடிஞ்ச வரைக்கும் முழுசா எடுத்துடுவோம். ஏன்னா இங்க ஆழம்தான் கணக்கு."

அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்கிற அமெரிக்க நோயியல் நிபுணர் 1970-ல் சொன்னது இது. மேல் தோலிலிருந்து புற்றணு எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பிலேயே ஸ்கேல் வைத்து அளப்பது. ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் வெட்டி எடுப்பதோடு பிழைத்துப் போகிறவர்கள் மிக அதிகம். நாலு மில்லிமீட்டரைத் தாண்டினால் கதை வேறு. அகலமாகப் படர்ந்து மேலாகவே இருக்கிற கறுப்பைவிட, சின்னதாக இருந்து ஆழம் போனது மோசம். நுனியை மட்டும் கிள்ளி எடுத்து அனுப்பினால் லேப்காரர் எதை அளப்பார்?

இதற்கும் அடையாள அட்டைச் சோதனை உண்டு. எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ, எச்.எம்.பி.-45. ஆனால் ஒரு சிக்கல், நம் போன்றவர்களுக்கு. சோதனையில் வழக்கமாக வருகிற நிறம் பழுப்பு. தோலின் மெலனினும் பழுப்பு. எது சாயம், எது சரக்கு? ஆகவே லேபில் சிவப்புச் சாயத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள், அல்லது மெலனினை முதலில் வெளுத்துவிடுகிறார்கள். (பெரியப்பாவிடம் சொன்னபோது, "பழுப்புத் துணியில பழுப்பு போடுற மடையன் உண்டா?" என்றார்.) பரவிய நோய் என்றால் அப்புறம் ஜீன். பி-ராஃப் என்கிற ஜீனில் மெலனோமாவில் அடிக்கடி ஒரு எழுத்துப் பிழை இருப்பதை 2002-ல் கண்டார்கள். 2011-ல் அதற்கென்றே மாத்திரை வந்தது. உள்ளங்கால் வகையில் அந்தப் பிழை குறைவு. சிலருக்குக் கிட் என்ற வேறொரு ஜீனில் இருக்கும். எது என்று லேப் சொன்னால்தான் எந்த மாத்திரை என்று டாக்டர் சொல்ல முடியும்.

"சரி டாக்டர், என் கால்?"

ஒரு பிளேடை எடுத்து லேசாகச் சீவினார். மிளகுத் தூள் அப்படியே உதிர்ந்தது. "ஷட்டில் ஆடுறீங்களா?"

ஆடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு மாசமாகத்தான். ஓடிச் சட்டென்று நிற்கிறபோது குதிகாலில் மெல்லிய ரத்தக் கசிவு உறைந்து கறுத்துப் போகுமாம். ஃபீஸ் வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் ரொம்ப அவமானமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஜீன் ரிப்போர்ட் வந்தது. பல கையெழுத்து என்றால் கிராஃப் மணி கவிழ்த்த மாதிரி குட்டிக் குட்டிச் சிகரங்களாக வரும். பெரியப்பாவுக்கு முதுகில் ஒரே சிகரம், கோபுரம் மாதிரி. தொடையிலும் அதே இடத்தில் அதே கோபுரம்.

பெரியப்பாவிடம் சொல்வதில்லை என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். பொய்கூடத் தேவைப்படவில்லை, அலிபெர் புண்ணியத்தில் நோயின் பெயரே பொய். "பூஞ்சைதான் பெரியப்பா. பெரிய சைஸ் பூஞ்சை. பேரைப் பாருங்க, ஃபங்கஸ்னே இருக்கு."

"ஓஹோ" என்றார்.

ரத்தம் எடுக்கப் போனோம். அணுக்கள் தோலோடு நிற்கிறதா, ரத்தத்திலும் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் நிறைய இருந்தால் அது செசாரி என்கிற தனி நோய். 1938-ல் விவரித்த பிரெஞ்சு டாக்டரின் பெயர். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று ஒரு மெஷின். அணுக்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டு லேசர் வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் பேட்ஜையும் படிக்கிறது. டோல்கேட்டில் நம்பர் பிளேட் படிக்கிற மாதிரி. ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஆயிரத்தைத் தொட்டால் ஆபத்து. பெரியப்பாவுக்கு இருநூற்று ஐம்பதுக்கும் கீழே, ரொம்பக் கீழே. நெறி கட்டவில்லை. பிறகு டாக்டர், விரல்களோடு சேர்த்துப் பெரியப்பாவின் உள்ளங்கையை அளவாக வைத்துப் படைகளை அளந்தார். ஒரு கை என்பது உடம்பின் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. மொத்தம் எட்டு கை. பத்துக்குள் இருப்பதால் ஆரம்ப நிலை. இந்த நிலையில் கண்டுகொண்டவர்களின் ஆயுள், மற்றவர்கள் ஆயுளைவிடப் பெரிதாக ஒன்றும் குறைவதில்லை என்றார். அதை நான் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

திரும்புகிற பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பெரியப்பா கேட்டார்.

"பூஞ்சைக்கு எதுக்குடா மூணு ட்யூப் ரத்தம்?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

"நீ பில் கட்டப் போயிருந்தப்ப அந்த டாக்டர்கிட்ட நானே கேட்டுட்டேன். ரெண்டு வாரம் ஆச்சு. உங்க பெரியம்மாவுக்குத் தெரிய வேணாம்னு விட்டுட்டேன்."

"பெரியப்பா... ஆறு வருஷமா அந்த ட்யூபை நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

"வாங்கினது நீ, தடவினது நான். நீ என்னா டாக்டரா? பி.காம்." என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "முறுக்கு வாங்கு" என்றார்.

வீட்டுக்கு வந்தால் பெரியம்மா வாசலிலேயே, "நெறி கட்டலையாமா? ரத்தத்துல இல்லையாமா?" என்று கேட்கிறாள். பக்கத்து வீட்டு நர்ஸ் பெண்ணிடம் ரிப்போர்ட்டைக் காட்டி எல்லாவற்றையும் எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டாள். ஆக, அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது வாரம் மூன்று நாள் வெளிச்ச வைத்தியம். பழைய எஸ்.டி.டி. பூத் மாதிரி ஒரு பெட்டி. உள்ளே நாலு பக்கமும் ட்யூப் லைட். புற ஊதாக் கதிரில் ஒரு குறிப்பிட்ட அலை மட்டும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஆரம்பத்தில் சில விநாடிகள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூடுகிறது. "வெயில் படாத இடமா பார்த்து வந்துச்சுல்ல, அதுக்கு வெயிலைக் காட்டுறாங்க" என்று பெரியப்பா வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்கிறார். மூன்று மாசம் கழித்து மறுபடி சதை எடுத்துப் பார்ப்பதா என்று டாக்டர் முடிவு செய்வாராம். லேபுக்குப் பாட்டிலைத் தானேதான் எடுத்துப் போவேன் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கையாலேயே அளவெடுப்பு. முதுகுப் பக்கத்துக்குப் பெரியம்மா வாசிக்க, நான் லெட்ஜரில் எழுதுகிறேன். எட்டில் ஆரம்பித்தது. போன ஞாயிறு ஐந்தரை. அரைக் கை எப்படி வரும் என்று நான் கேட்டுவிட்டேன். தணிக்கை ஆட்சேபணை இன்னும் தீரவில்லை. இரண்டு பேரும் என்னோடு பேசுவதில்லை.